சிரிப்பின் மேல் ஏறிப் பேசுகிறவர்

இந்த நகைச்சுவை நாடகப் பருவம் தொடங்கியதிலிருந்து அந்தக் கல்லூரிக் குழுவைப் பற்றி ஒரே குறைதான் காதில் விழுகிறது. "அந்தப் பொண்ணுக்கு டைமிங் இல்லை சார். ஜனங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த டயலாக்கை ஆரம்பிச்சுடுது." இடைவேளையில் காபி வரிசையில் சொல்கிறார்கள், நாடகம் விட்டு வண்டி எடுக்கும்போது சொல்கிறார்கள். காலமெல்லாம் சபாக்களில் முன்வரிசை பிடித்தவர்கள் சொல்கிறார்கள், அதே குழுவில் போன வருஷம் நடித்துவிட்டு வேலைக்குப் போன சீனியர்களும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது சரி. அதற்குக் கொடுக்கும் தீர்ப்புதான் தலைகீழ்.

எந்த இரவில் அரங்கம் நிரம்பியது, எந்தக் காட்சிக்குக் கைத்தட்டல் நீண்டது என்பதெல்லாம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேரே ஒரே ஒரு கேள்விக்கு வந்துவிடலாம். அரங்கம் சிரிக்கிறது. மேடையில் நிற்கிறவர் எப்போது வாயைத் திறக்க வேண்டும்?

நம் மேடையில் இதற்கு ஒரு பழகிய பதில் உண்டு: காத்திரு. ஜோக் சொன்னவர் நிறுத்துவார். எதிரே நிற்கிறவர் துண்டை உதறுவார், மேஜைமேல் கிடக்கும் பேப்பரைப் புரட்டுவார். சிரிப்பு அடங்கும், அடுத்த ஜோக் வரும். துணுக்குத் தோரணமாகக் கட்டிய நாடகத்துக்கு இந்த ஒழுங்கு பொருந்தும். அங்கே ஒவ்வொரு துணுக்கும் தனியாளாக நிற்கிறது. நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டாலும் ஒன்றும் சரிந்துவிடாது.

இந்தப் பருவத்துக்கு மாணவர்கள் எடுத்திருக்கும் மூன்று நாடகங்களும் அந்த ஜாதி இல்லை. மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசம்', பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி', அடுத்த வாரம் வரப்போகும் மோலியேரின் 'கஞ்சன்'. மூன்றிலும் சிரிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணமே பாத்திரங்களுக்குக் கிடையாது. ஒருவனுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது கைக்கு வரவில்லை, அவன் தவிக்கிறான், நமக்குச் சிரிப்பு வருகிறது. தவிக்கிறவன் நம் சிரிப்பு அடங்கட்டும் என்று மரியாதையாக நின்றால் என்ன ஆகும்? அவனுக்கு அவசரமே இல்லை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

'மத்தவிலாச'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஓர் அரசர், தன் தலைநகரமான காஞ்சிபுரத்தின் தெருவையே களமாக வைத்து எழுதிய கேலி நாடகம். குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், வழியில் வந்த பௌத்தத் துறவி நாகசேனன்தான் அதைத் திருடிவிட்டார் என்று மல்லுக்கு நிற்கிறான். உள்ளே இருந்த வறுத்த இறைச்சிக்காக அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய் என்பது கடைசியில்தான் தெரியும்.

டைமிங் இல்லை என்று பெயர் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு, நம் ஆட்டக்காரருக்கு, கிடைத்தது நாகசேனன் வேஷம். காபாலிகன் வேஷத்துக்குத்தான் ஆட்டம் பாட்டமெல்லாம். துறவிக்குக் கிடைப்பது அடியும் பழியும். ஆனால் அவருடைய நுழைவில் ஓர் அருமையான பேச்சு இருக்கிறது. நல்ல படுக்கையையும் வேளைக்குச் சாப்பாட்டையும் அனுமதித்த புத்தர், பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி விட்டிருப்பார்? வயதான துறவிகள் இளைஞர்கள்மேல் பொறாமைப்பட்டு அந்தப் பகுதியை நூலிலிருந்து எடுத்திருப்பார்கள், மூலப் பிரதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாகசேனன் யோசிக்கிறார். இந்த இடத்தில் சபையைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு சிரித்துவிட்டு நிற்க எந்த நடிகருக்கும் கை துறுதுறுக்கும்.

இவர் என்ன செய்தார்? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, காணாமல் போன ஏட்டைத் தேடும் ஆராய்ச்சி மாணவி மாதிரி நடந்துகொண்டே இருந்தார். மதுவைச் சொன்னதும் அரங்கம் வெடித்தது. அவர் நடையை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அந்தச் சிரிப்பு இறங்கத் தொடங்கிய கணத்தில் கிழட்டுத் துறவிகளைப் பற்றிய சந்தேகத்தை ஆரம்பித்துவிட்டார். கேட்க வேண்டுமே என்று ஜனங்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். முக்கால்வாசி சிரித்து, கால்வாசியை அடக்கிக்கொண்டார்கள். அந்தக் கால்வாசி எங்கே போகும்? அடுத்த சிரிப்போடு சேர்ந்துதான் வெளியே வரும். மூலப் பிரதி என்ற சொல் வந்தபோது கேட்டது அப்படிச் சேர்த்துவைத்த சிரிப்பு. காத்திருந்து பேசியிருந்தால் ஒரே அளவில் இரண்டு சிரிப்பு கிடைத்திருக்கும். இங்கே இரண்டாவது பெரிதாக இருந்தது. இதற்குப் பெயர் டைமிங் இல்லாமையா?

'சபாபதி'யில்தான் முணுமுணுப்பு அதிகமானது. எஜமானர், வேலைக்காரர் இருவருக்கும் ஒரே பெயர். சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும் வேலைக்காரர், தாமும் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லாத எஜமானர். 1941-இல் வந்த படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள். 'படத்துல எவ்வளவு நிதானமா வரும்' என்று ஒருவர் அங்கலாய்த்தார். யோசித்துப் பாருங்கள், சினிமாவில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? படச்சுருளுக்குக் கொட்டகையின் சிரிப்பு கேட்காது. அடுத்த வசனம் வருகிற நேரத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். நாம் மெச்சுகிற அந்தப் படத்தில் எஜமானர் ஒரு தடவைகூட நமக்காக நின்றதில்லை. நிற்காததுதான் அதன் ருசி.

எஜமானராக வந்த நம் ஆட்டக்காரரிடம் கவனிக்க வேண்டியது, சிரிப்புக்குள் அவர் எதை வைத்து நுழைகிறார் என்பது. வேலைக்காரர் ஓர் உத்தரவைத் தப்பாகப் புரிந்துகொண்டு வந்து நிற்கிறார், அரங்கம் அதிர்கிறது. முதலில் இவருடைய உடம்பு திரும்புகிறது. மேஜையிலிருந்து அரை அடி எடுத்து வைக்கிறார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் "டேய்", அப்புறம் "இந்தா", அப்புறம் "நான் என்னடா சொன்னேன்". இந்த மூன்றும் சிரிப்பில் மூழ்கிப்போனாலும் நஷ்டமில்லை. வேண்டுமென்றே பலிகொடுப்பதற்காக முன்னால் அனுப்பிய சொற்கள் அவை. கதைக்குத் தேவையான சொல் அவற்றுக்குப் பின்னால், சிரிப்பு வடிந்த இடத்தில், காய்ந்த தரையில் கால் வைக்கிறது. 'வசனத்தை முழுங்கறா' என்கிறவர்கள், முழுங்கிய வசனம் எது என்று ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். பட்டியலில் "டேய்"தான் அதிகம் இருக்கும்.

இன்னொன்று. அந்த நாடகத்தில் கைத்தட்டல் முழுவதும் வேலைக்காரராக நடித்த பையனுக்குப் போனது. போகட்டும், அவன் நன்றாகவே செய்தான். ஆனால் வாலிபால் ஆட்டத்தில் வலைக்கு மேலே எகிறி அடிக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். அவன் கைக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவனைக் கூட விளையாடுகிறவர்கள்தான் பார்ப்பார்கள். எஜமானர் ஒரு மூச்சு தாமதித்திருந்தால், வேலைக்காரருக்கு அந்தக் குழம்பிய முகத்தை வைத்துக்கொண்டு வெறுமனே நிற்க வேண்டியிருக்கும். முகம் நீர்த்துப்போகும். கேள்வி உடனே வந்து விழுந்ததால்தான் அந்தக் குழப்பம் புதிதாகவே இருந்தது.

இந்த வழிக்கு விலை கிடையாது என்று நான் சொல்லவில்லை. மேலே தொங்கும் மைக், சத்தம் போடும் மின்விசிறிகள், ஆழமான அரங்கம். முன்வரிசை சிரித்து முடிக்கும்போதுதான் பின்வரிசை ஆரம்பிக்கிறது. 'சபாபதி'யின் ஓர் இரவில், அடுத்த காட்சிக்கு வேண்டிய தகவல் ஒன்று இந்த இடைவெளியில் சிக்கி, பின்பக்கம் போய்ச் சேரவே இல்லை. அந்தக் காட்சி முழுக்கப் பின்வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த இரவு அவர் அந்தத் தகவலை வேலைக்காரர் உள்ளே வருவதற்கு முன்பாகவே சொல்லிவிட்டார். வேகத்தை ஓர் இழைகூடக் குறைக்கவில்லை, சொல்லின் இடத்தை மட்டும் மாற்றினார். தப்பைத் திருத்தும் விதத்தில்தான் ஆட்டக்காரரின் மூளை தெரியும்.

முன்வரிசைக்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல். பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1891-இல் நாடக சபை தொடங்கியபோது அவர் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர். தொழில்முறைக் கம்பெனிகளின் வழக்கங்களை அப்படியே ஒப்புக்கொள்ளாத பையன்களால்தான் நாம் இன்று மரபு என்று கும்பிடுகிறது உருவானது. மாணவர் குழுவிடம் போய் சபா வழக்கத்தைக் கேட்பது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கிறது.

இப்போது 'கஞ்ச'னுக்கு வருவோம். பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கே தலைமை வேஷம், ஆர்ப்பகோன். 1668-இல் பாரிஸில் முதலில் மேடையேறிய இந்த நாடகத்தில், தோட்டத்தில் 10,000 பொற்காசுகளைப் புதைத்துவைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் சந்தேகப்படும் கிழவர். இவர் சொதப்பப் போகிறார் என்று காபி வரிசை முடிவு கட்டிவிட்டது. என் கணிப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இருமல். மோலியேர் இந்த வேஷத்தைத் தானே கட்டினார். இருமல்காரரான அவர் அதையும் பாத்திரத்துக்குள் எழுதிவைத்தார். கல்யாணத் தரகுக்கு வரும் பெண்மணி கிழவரின் இருமல்கூட அழகாக இருக்கிறது என்று ஐஸ் வைப்பாள். நம் ஆட்டக்காரர் அந்த இருமலைச் சும்மா விடமாட்டார். 'சபாபதி'யில் "டேய்" செய்த வேலையை இங்கே இருமல் செய்யும். சிரிப்பின் மேல் ஏறுவதற்கு ஆசிரியரே கட்டிக் கொடுத்த படிக்கட்டு அது.

இரண்டாவது, மகளைக் காதலிக்கும் இளைஞனோடு நடக்கும் விசாரணை. கிழவர் பெட்டியைப் பற்றிக் கேட்கிறார், அவன் பெண்ணைப் பற்றிப் பதில் சொல்கிறான், இரண்டு பேருக்கும் விஷயம் பிடிபடவில்லை. இங்கே இதுவரை பார்க்காத வேகத்தில் ஓட்டுவார். கொஞ்சம் நின்றாலும் 'இவர்களுக்கு எப்படி இது புரியாமல் இருக்கும்' என்று ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசித்தால் காட்சி போச்சு.

மூன்றாவதுதான் முக்கியம். பெட்டி களவு போனதும் கிழவர் தனியாக வந்து அலறுகிறார். தன் கையையே திருடன் கை என்று பிடித்துக்கொள்கிறார். பிறகு அரங்கத்தைப் பார்க்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள்தான் திருடன் ஒளிந்திருக்கிறானா, எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று சந்தேகப்படுகிறார். மூன்று நாடகங்களிலும் ஒரு பாத்திரத்துக்கு நம் சிரிப்பு காதில் விழுந்தே தீர வேண்டிய இடம் இது ஒன்றுதான். இங்கே அவர் நிற்பார். வாயைத் திறக்காமல், வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நிற்பார். இரண்டு நாடகங்களாக ஒருமுறைகூட நமக்காகக் காத்திருக்காதவர் முதல் தடவை காத்திருக்கும்போது, சிரித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் மற்ற நிறுத்தங்களையெல்லாம் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

அன்றிரவு காபி வரிசை என்ன பேசும் என்பதையும் இப்போதே எழுதிவிடலாம்: 'பரவாயில்லையே, பொண்ணு டைமிங் கத்துக்கிட்டுது!'

அடுத்த வருஷம் நடக்கப்போவது அவ்வளவு இனிப்பான சமாசாரம் இல்லை. இவர் படிப்பை முடித்துப் போய்விடுவார். ஜூனியர்கள் அவருடைய அவசரத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், முன்னால் அனுப்பும் பலிச்சொற்களையும், திரும்பும் உடம்பையும், அரை அடியையும் விட்டுவிடுவார்கள். மேடையில் இரைச்சல்தான் மிஞ்சும். உடனே யாராவது ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பயிற்சி முகாம் வைப்பார்கள், அவர் எல்லோரையும் காத்திருக்கச் சொல்லிக் கொடுப்பார். குழு மறுபடியும் பழைய சபா வழக்கத்துக்குப் போய்ச் சேரும். இதைத் தடுக்க வேண்டுமென்றால், இந்தப் பருவம் முடிவதற்குள் அந்தப் பெண்ணை ஒத்திகை அறையில் உட்காரவைத்து, நாகசேனன் பேச்சை ஜூனியர் ஒவ்வொருவரும் அவருக்கு முன்னால் பேசிக் காட்டச் செய்ய வேண்டும்.

'கஞ்சன்' பார்க்கப் போகிறவர்கள் ஒருமுறையாவது பின்வரிசையில் உட்காருங்கள். முன்வரிசையில் முகம் தெரியும். எந்தச் சொல் மூழ்குகிறது, எந்தச் சொல் கரையேறுகிறது என்பது பின்னால் இருந்தால்தான் தெரியும். பெட்டி தொலைந்த காட்சியில் அவர் நிற்கவில்லை என்றால், அடுத்த வாரம் இந்தப் பத்தியை முன்வரிசைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன், அவர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளட்டும். விட்டுக்கொடுக்க வேண்டிவராது.