பிரிவதற்கு ஒரு முறி

கணவருக்கு எழுபது தாண்டிய வயது. மனைவிக்கு ஐம்பதுக்கு மேல். மகன் வளர்ந்து ஆளாகிவிட்டான். இந்த வயதில் அந்த அம்மாள் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறுகிறாள். ஜெயமோகன் எழுதி மதுபால் இயக்கிய ‘ஒழிமுறி’ (2012) இங்கேதான் தொடங்குகிறது. படம் மலையாளம், மண் குமரி மாவட்டம். தம் குடும்ப நினைவுகளிலிருந்து ஜெயமோகன் எடுத்த கதை. கணவர் தாணுப்பிள்ளையாகவும் அவர் தகப்பன் சிவன்பிள்ளையாகவும் நடித்த லாலுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. தகுதியானதுதான்.

ஒரு மனுஷன் கட்டிக்கொண்டவளை ஆயுள் முழுக்க ஏன் வதைக்கிறான் என்று கேட்கிற படம் இது. அதற்குப் படமே சொல்லும் பதில், பயம். தாணுப்பிள்ளையின் தாய் காளிப்பிள்ளை மருமக்கத்தாயத் தறவாட்டுப் பெண், அதாவது சொத்து பெண்வழி போகும் கூட்டுக்குடும்பத்துக்காரி. புருஷன் வேண்டாம் என்று பட்டபோது அவனை வெளியே அனுப்பியவள். தகப்பன் பட்ட அவமானத்தைக் கண்ணால் பார்த்த பையன், பெண் என்றாலே தன்னைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்ற நடுக்கத்தோடு வளர்கிறான். அந்த நடுக்கம்தான் பிற்பாடு மனைவி மீனாட்சியின் முதுகில் இறங்குகிறது.

உளவியலில் இதற்குப் பெரிய இடத்து ஆதரவே உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதை 1987இல் ஹேசனும் ஷேவரும் வளர்ந்தவர்களின் காதல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். சிறு வயதில் உறவை நம்பக் கற்காதவன் பெரியவனானதும் ஒன்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குவான், அல்லது விலகி நின்று முறைப்பான் என்பது அதன் சாரம். தாணுப்பிள்ளை இரண்டையும் செய்கிறார். ஒரு தனி மனிதனுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் படம் தனி மனிதனோடு நிற்கவில்லை. ஒரு காலமாற்றத்தையே இந்தப் பயத்தால் விளக்கப் பார்க்கிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஏன் என்று சொல்லப் பழைய வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும். குமரியின் மேற்கே, விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நாயர் வீடுகளில் பழைய ஏற்பாடு எளிமையானது. ஒருவன் புடவை கொடுத்தால் சம்பந்தம் ஆயிற்று. பெண் தன் தறவாட்டிலேயே இருப்பாள். அவன் அந்திக்கு வந்து காலையில் போவான். சொத்து பெண்வழி; நிர்வாகம் மூத்த தாய்மாமனான காரணவர் கையில். அவளுக்கு அவன் வேண்டாமென்றால் சண்டையும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ராத்திரி அவன் வரும்போது அவனுடைய வெற்றிலைச் செல்லம் வாசல் திண்ணையில் இருக்கும். உள்ளே பாக்கு, சுண்ணாம்பு, பாக்குவெட்டி எல்லாம் வைத்தது வைத்தபடி. அவன் அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

மருமக்கத்தாயம் என்ற இதே மருமக்கள் வழிதான் கிழக்கே, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நாஞ்சில் வெள்ளாளர் வீடுகளிலும் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போய் வாழ்ந்தாள். அந்த வீட்டுச் சொத்து அவள் பிள்ளைகளுக்கு அல்ல, புருஷனின் அக்காள் தங்கை மக்களுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு. அதற்கும் மருமகன்மாரோடு மல்லுக்கட்ட வேண்டும். தேரூர்க் கவிமணி 1917–18இல் ‘தமிழன்’ இதழில் எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இந்த வீட்டின் கதை. சொல்கிறவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’, ‘கும்பியெரிச்சல் படலம்’ என்ற தலைப்புகளே அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடும்.

ஆக, சொத்து போகும் வழி ஒன்றேதான். மேற்கே அது காளிப்பிள்ளையை உருவாக்கியது; கிழக்கே ஐந்தாம் மனைவியை அழவைத்தது. யார் வீட்டில் யார் குடியிருந்தார் என்பது ஒன்றுதான் மாறியது. ‘மருமக்கத்தாயம் பெண்ணுக்கு ஆட்சி கொடுத்தது’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கிழக்குப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படமும் அப்படித்தான் போகிறது.

இந்த வித்தியாசத்தை விளக்க உளவியலிலேயே வேறொரு கணக்கு உண்டு. 1959இல் திபோவும் கெல்லியும் ஒன்று சொன்னார்கள்: உறவில் நிற்பதா போவதா என்பதை அதிலுள்ள இன்பம் மட்டும் தீர்மானிக்காது, வெளியே வேறு வழி உண்டா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும். கேரில் ரஸ்பல்ட் 1980இல் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: இதுவரை போட்ட முதல். வருஷங்கள், பிள்ளைகள், நகைநட்டு, ஊர் மதிப்பு எல்லாம் அதில் அடக்கம். அடி வாங்கி அடைக்கல இல்லத்துக்கு வந்த பெண்களை வைத்து அவரும் மார்ட்ஸும் 1995இல் எழுதிய ஆய்வு இன்னும் கறாரானது. திரும்பிப் போகிறவள் அன்பினால் போவதாகவோ மனக்கோளாறினால் போவதாகவோ முடிவு கட்டிவிட முடியாது. போக்கிடம் இல்லாததும் போட்ட முதலும்தான் அவளை இழுக்கின்றன. ஐந்தாம் மனைவிக்கு இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தும். பௌல்பி அவளுக்குத் தேவையே இல்லை.

பெண்ணுக்கு மட்டுமா இது? நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) சிவதாணுவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கியும் வேலை இல்லாத ஏழை வீட்டுப் பையன். பணக்கார மாமனார் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. அதற்குள் மருமக்கள் வழி சட்டப்படி முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1926இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் மனைவி மக்களுக்கு உரிமை கொடுத்தது. பின்னால் வந்த தலைமுறையில் பணம் பெண்ணோடு சேர்ந்து வந்தது. கொடுத்தவர் கை ஓங்கியது. சிவதாணு மாமனார் வீட்டில் படும் பாடு ஏறக்குறைய பழைய மருமகள் பட்ட பாடுதான். மனைவி பார்வதி கெட்டவள் அல்ல, அவனும் அல்ல. ‘சொல்ல மறந்த கதை’யாகத் தங்கர் பச்சான் இதை 2002இல் படமாக்கினார்.

இந்த அளவுகோலோடு ‘ஒழிமுறி’க்குத் திரும்பினால் தாணுப்பிள்ளையின் பயம் பின்னுக்குப் போகிறது. அவர் காலத்துக்குள் மேற்கிலும் சட்டம் மாறிவிட்டது. 1912இல் வந்த நாயர் சட்டம் சம்பந்தத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட கல்யாணமாக்கியது. 1925இல் வந்தது தறவாட்டைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வழி செய்தது. பிரிய வேண்டுமானால் பதிவான பத்திரம், இல்லையேல் நீதிமன்ற உத்தரவு. தறவாடு சிதறியது, பெண் புருஷன் வீட்டுக்கு வந்தாள். மாமியார் ஒரு செல்லத்தை வெளியே வைத்து முடித்த காரியத்துக்கு மருமகள் மனுப் போட்டு வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மனைவி என்ற கௌரவத்தைக் கொடுத்த சீர்திருத்தமே வெளியேறும் வழியையும் குறுக்கியது. தாணுப்பிள்ளையைப் போலப் பயந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருப்பார்கள். அந்தப் பயத்தைக் கைநீட்டிக் காட்டும் அதிகாரம் அவர் தலைமுறைக்குத்தான் வாய்த்தது. படம் இதைத் தொட்டுக் காட்டுகிறது, அழுத்திச் சொல்லவில்லை. விளைவு, பின்கதை விரிய விரியப் பார்வையாளரின் இரக்கம் அவர் பக்கம் சாய்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் குற்றம் குறைந்துவிடாது.

எதிர்ப்பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். போக்கிடக் கணக்கு மீனாட்சியிடம் தோற்கிறது. அவ்வளவு வருஷ முதலைப் போட்டவள், அந்த வயதில் புது வாழ்வு எதுவும் காத்திராதவள், ரஸ்பல்ட் கணக்குப்படி அங்கேயே இருந்திருக்க வேண்டும். மகன் ஆளானான், அதனால் துணிந்தாள் என்று பாதி சொல்லலாம். மீதியை எப்படிச் சொல்வது? தாணுப்பிள்ளை விழுந்துபோனபோது பணிவிடை செய்கிறவளும் அவள். முறி, அதாவது விலக்குப் பத்திரம், வேண்டும் என்பதில் இம்மி நகராதவளும் அவள். அவரைவிட்டு ஓடுவதற்காக அவள் கேட்கவில்லை. நினைத்தால் போகலாம் என்ற நிலையில் நின்றுகொண்டு, தானாக விரும்பிச் செய்வது எதுவோ அதைச் செய்வதற்காகக் கேட்கிறாள். இன்பம், மாற்று வழி, முதல் என்ற மூன்று பத்திகளில் எதிலும் இதை எழுத முடியாது. சார்ந்து கிடந்து செய்யும் சேவையும் விடுதலையோடு செய்யும் சேவையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த வித்தியாசத்தை மீனாட்சியாக நடித்த மல்லிகாவின் முகத்தில் பார்க்க முடிகிறது.

குறைகளில் இன்னொன்று மகனுக்கும் வழக்கறிஞர் பாலாவுக்கும் இடையே வளரும் காதல். பெரியவர்கள் கற்ற பாடத்தைச் சிறியவர்கள் ஒப்பிப்பதற்கென்றே வைத்ததுபோல இருக்கிறது, வெட்டியிருந்தாலும் நஷ்டமில்லை. ஸ்வேதா மேனனின் காளிப்பிள்ளை கம்பீரம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கம்பீரத்தின் அடியில் நிலமும் குடியானவர்களும் இருந்தார்கள். அதே ஊரில் கூலிக்கு நாற்று நட்ட பெண் யாருடைய செல்லத்தை எந்தத் திண்ணையில் வைத்திருப்பாள்?

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், உறவு ஏன் கொடுமையாகிறது என்ற கேள்விக்கு ‘ஒழிமுறி’யைவிட மான்மியமும் ‘தலைகீழ் விகிதங்க’ளும் நேர்மையான பதில் தருகின்றன, பழியை ஒருவன் மனசுக்குள் மட்டும் தள்ளிவிடாமல் வீட்டின் மேலும் சொத்தின் மேலும் போடுகின்றன. ஆனால் உறவை முடிக்க விரும்பும் மனம் எப்படி இருக்கும் என்பதில், எனக்குத் தெரிந்து நம் வட்டாரத்திலிருந்து வந்த எந்தப் படைப்பும் மீனாட்சியை எட்டவில்லை. படத்தைத் தாணுப்பிள்ளைக்காகப் பார்க்கிறவர்கள் ஒருமுறை மீனாட்சிக்காகவும் பாருங்கள். அதற்கு முன்னால் கவிமணியை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.