பி. ரம்லியின் வீடும் பட்டறையும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் மலாய்த் திரை நடிகரும் இயக்குநரும் பாடகருமான பி. ரம்லி வளர்ந்த மரவீட்டை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் சீரமைத்து நினைவில்லமாக்கியிருக்கிறது. அது நிற்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். கோலாலம்பூரிலும் ஒரு ஜாலான் பி. ரம்லி உண்டு. 1990இல் டான் ஸ்ரீ என்ற அரசுப் பட்டமும் வந்தது, அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து. 1973 மே 29 அன்று 44 வயதில் மாரடைப்பில் இறந்தவருக்கு நாடு செய்த பரிகாரம் இது. வெறும் சடங்கென்று இதைத் தள்ளிவிட முடியாது. வீடு நிற்பதால்தான், அவர் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத பிள்ளைக்கும் அவரைக் கேட்டறிய ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் இந்த நினைவேந்தல் மனிதரைக் காத்துக்கொண்டு, அவர் தொழில் கற்ற பட்டறையைக் கைவிட்டுவிடுகிறது.

அந்தப் பட்டறை பினாங்கில் இல்லை. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில், ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் இருந்தது. 1948இல் அவரை அங்கே அழைத்துப் போனவர் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ‘பக்தி’யில் (1950) முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். பணி மஜும்தார் இயக்கிய ‘அனாக்கு சஸாலி’ அவருக்கு 1957இல் ஆசியத் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதைத் தந்தது. (இந்தப் பெயர்களைக் கேட்டதும் ‘நம்மவர் ஆக்கிய கலைஞன்’ என்று நாம் மார்தட்டினால், அதுவும் பாதியை மட்டும் காக்கும் அதே குறையின் மறுபக்கம்தான்.) இந்த இந்திய இயக்குநர்கள் இந்தியப் படச் சூத்திரத்தையே மலாயில் பேசவைத்தார்கள், மலாய் வாழ்க்கை திரைக்கு வந்தது ரம்லி தாமே இயக்கிய ‘பெனாரிக் பெச்சா’வில் (1955) என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை. ஆனால் பாட்டைக் கதையின் எந்த இடத்தில் வைப்பது என்ற வித்தை அந்தச் சூத்திரத்திலிருந்து வந்ததுதான். ‘இபு மெர்த்துவாக்கு’வில் (1962) சாக்சஃபோன் கலைஞனின் காதலும் இழப்பும் பாட்டின் வழியாகவே நகர்கின்றன. கற்றதை ஆசான்களைத் தாண்டிக் கொண்டுபோனார் என்பதே அவர் பெருமை. ஆசான்களை மறைத்துவிட்டால், எதைத் தாண்டினார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும்.

நினைவில்லம் அன்புக்கான இடம், சினிமா வகுப்பு அல்ல என்று சிலர் சொல்லலாம். அன்பும் பாடமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு லிஸ்பனைப் பாருங்கள். போர்த்துகலின் மரபிசையான ஃபாடோவின் பாடகி அமாலியா ரோட்ரிகஸை 1974 புரட்சிக்குப் பின் பழைய சர்வாதிகார ஆட்சியின் குரல் என்று தூற்றினார்கள். 1999இல் இறந்தவரின் உடலை 2001இல் தேசிய நினைவு மண்டபத்துக்கே மாற்றினார்கள். அவர் வீடும் இன்று அருங்காட்சியகம். ஆயினும் கவிஞர்களின் வரிகளுக்கு மெட்டமைத்து அவர் ஃபாடோவைத் திசைமாற்றிய அலேன் ஊல்மானின் பெயரை ஒதுக்கிவிட்டு அங்கே அவரைப் பற்றிப் பேச முடியாது. அதனால் அமாலியா ஒரு விரற்கடையும் குறைந்துபோகவில்லை.

ரம்லியைக் கடைசிக் காலத்தில் ‘மக்கள் மறந்தார்கள்’ என்ற புலம்பலையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ரம்லி 1964இல் கோலாலம்பூருக்கு மாறி மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். அந்த ஆண்டுகளில் மலேசியாவுடனான மோதலால், மலாய்ப் படங்களின் பெரிய சந்தையான இந்தோனேசியா அடைபட்டுக் கிடந்தது. 1967இல் ஜாலான் அம்பாஸ் பட்டறையும் மூடப்பட்டது. அவரைச் சாய்த்ததில் ரசிகரின் மறதியைவிட, பின்னே நின்ற தொழிலின் சரிவுக்கே பங்கு அதிகம். அந்தச் சரிவுக்கு எந்தத் தெருவிலும் பெயர்ப்பலகை இல்லை.