குதிரை இல்லாத படை

2022 ஏப்ரல். சித்திரைப் பௌர்ணமிக் கூட்டம் கிரிவலப் பாதையை விட்டுக் கலைந்துவிட்டிருந்தது. ஊருக்குத் திருவிழா முடிந்திருந்தது, எனக்கு இனிமேல்தான் என்றிருந்தது. அந்த ஏப்ரல் 28 அன்று 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற புதுத் தொகுப்பு வரவிருந்தது. வங்காளிகள், கூர்ஜரர், கூடவே திராவிடர்.

1999-ல் இந்த ஆட்டம் வந்தபோது மொத்தம் 13 நாகரிகங்கள். நம்மவர் யாரும் இல்லை. யானை வேண்டுமென்றால் பாரசீகனாகத்தான் ஆட வேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, அந்த ஒரு யானைக்காகவே பல வருடம் பாரசீகனாக வாழ்ந்தவன் நான். 2013-ல் 'இந்தியர்' வந்தார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை எல்லோரையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டு, கையில் ஒட்டகத்தைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டே தன்னைச் சோழன் என்று நினைத்துக்கொள்வது லேசான காரியமில்லை.

புதுத் தொகுப்பு வருவதற்கு முன்பே, திராவிடருக்கு என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்ற விவரம் வெளியாகிவிட்டது. அதைத்தான் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆடாத ஆட்டத்தின் பட்டியலைப் படிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, இலையில் சோறு விழுவதற்கு முன்னால் வரும் வாசனை மாதிரி.

முதலில் உறுமி வீரன். பேரைப் பார்த்ததும் எனக்குக் காதில் விழுந்தது மேளம்தான். நமக்கு உறுமி என்றால் தோல்கருவி. இவர்கள் சொல்வது மலையாளத்து உறுமி, சிலம்பக்காரர்கள் சுருள்வாள் என்பார்களே, அது. ஒரு சுழற்றுச் சுழற்றினால் சுற்றி நிற்கிற எல்லார் மேலும் விழும். ஆனால் அடுத்த சுழற்றுக்கு வேகம் கூட நேரம் பிடிக்கும். சுருள்வாள் வீசுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அந்த இடைவெளி எவ்வளவு உண்மை என்று.

அடுத்தது துறைமுகம். வீடு கட்டினால் ஆள் கூடும் என்பது இந்த ஆட்டத்தின் பழைய விதி. திராவிடர் துறைமுகம் கட்டினாலும் ஐந்து பேருக்கு இடம் கூடுமாம், கூட்டாளி கட்டினாலும் அப்படியே. 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் கதையும் இதில் ஆட்டமாக வருகிறது. துறையையே ஊராகக் கணக்கு வைத்த கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மருத்துவப் படை என்று ஒரு நுட்பம். வாங்கிவிட்டால் காயம்பட்ட யானைகளுக்குத் தாமாகவே மெல்ல உடம்பு தேறும். படித்த உடனே திருமுக்கூடல் ஞாபகம் வந்தது. வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 15 படுக்கையோடு ஒரு ஆதுலர் சாலை, அங்கே இருந்த வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துகளின் பெயர் வரை அதில் இருக்கிறது. அது மனிதருக்கு, இங்கே யானைக்கு. போகட்டும்.

இதையெல்லாம் விட என்னை மயக்கியது, அவர்கள் கொடுக்காமல் விட்ட ஒன்று. குதிரை. வேவு பார்க்கப் போகும் சில்லறைக் குதிரை உண்டு. கவசம் பூட்டிய பெரிய குதிரை வீரன் கிடையாது. பாதி நாகரிகங்கள் அவனை நம்பித்தான் ஆடுகின்றன. ஐயோ, நம்மைக் குறைத்துவிட்டார்களே என்று அண்ணன் மகன் கோபப்பட்டான். "இல்லடா தம்பி, இதுதான் அழகு" என்றேன். நம் மண்ணில் நல்ல குதிரை வளராது. புகாரில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்துப் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோவும் அதையே எழுதினார்: வருடா வருடம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று. அந்தப் பழைய இல்லாமையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து, அதற்கு ஈடாகக் கவசத்தையே மதிக்காத எஃகை வாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுமணலில் உலை மூட்டியவர்களின் எஃகு. யானை, எஃகு, கப்பல்: இந்த மூன்றை வைத்துக்கொண்டு குதிரைக்காரனை எப்படி மடக்குவது என்று ராத்திரி படுத்தால் யோசனை ஓடியது.

ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் எங்கள் ஊரைத் தலைநகராக வைத்திருந்தவன். மதுரை சுல்தானோடு போரிட்டு முதுமையில் மாண்டவன். பிள்ளையில்லாதவன் என்று ஊர்க்கதை சொல்லும் அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருகிறார், வருடம் தவறாமல். அப்படிப்பட்டவனுக்குத் தனிக்கதை இல்லை. ராஜேந்திரனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது தெரியாமல் இருந்தது ஒன்றுதான். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக் குடியானவனும் அவனவன் பாஷையில் பதில் சொல்வான். ஜப்பான்காரன் ஜப்பானியில், பாரசீகன் பாரசீகத்தில். அப்படியானால் நம்மவன் வாயைத் திறந்தால் தமிழ்தான் வர வேண்டும். மரத்தைக் காட்டி வெட்டச் சொன்னால் என்ன சொல்வான்? "ஆணை" என்பானா, "ஆகட்டும்" என்பானா? எங்கள் ஊர்க்காரனாக இருந்தால், கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு "இன்னாங்க?" என்று திரும்பிப் பார்ப்பான்.