கொள்ளை நோயும் மூன்று கதைகளும்

கொள்ளை நோய்களின் வரலாறு என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகள்தாம். ஒன்று, எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு. மற்றது, கிருமியை யார் கண்டார், தடுப்பூசியை யார் தந்தார் என்ற பெயர்ப் பட்டியல். இரண்டும் வேண்டியவையே. ஆனால் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், பிணத்தை யார் தூக்கினார், அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடையாது. அந்தப் பதிலைத் தேடுகிறவர் கதைகளிடம்தான் போக வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவனல்லன், கதை படிக்கிறவன். ஆகவே இம்மலருக்காக மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒடியாவில் பக்கீர் மோகன் சேனாபதியின் 'ரேவதி', கன்னடத்தில் யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா', உருதுவில் ராஜிந்தர் சிங் பேடியின் 'குவாரண்டீன்'. தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய நமக்கு இவை அந்நிய மொழிகளல்ல, அக்கம்பக்கத்து மொழிகள். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற, நாம் கடைத்தெருவில் பேசுகிற மொழிகள்.

கதைகளுக்குள் போகுமுன் ஒரு சிறு சரித்திரம். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. அந்நோயின் கிருமியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1894இல், ஹாங்காங்கில் யெர்சின் கண்டுவிட்டார். ஆனால் அது எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்பதை சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் காட்டியது 1898இல்தான். அதை மற்ற விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஆக, நோய் வந்துவிட்டது, கிருமி தெரிந்துவிட்டது, பரவும் வழி மட்டும் தெரியவில்லை. அந்த இருட்டில்தான் 1897இல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடு புகுந்து சோதித்தார்கள். தரையைக் கார்பாலிக் ஊற்றிக் கழுவினார்கள். நோயாளிகளைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் நோயைவிட முகாமுக்கு அதிகம் பயந்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். அதே ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, தாம் தயாரித்த பிளேக் தடுப்பு மருந்தைப் பம்பாயில் முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். 1896க்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் இந்தியாவில் பிளேக் கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

இதில் நமக்கு ஒரு நேரடிச் சம்பந்தமும் உண்டு. நெருக்கடியான தெருக்களை உடைத்து நகரத்தை விரிவாக்க 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டுப் போட்டது. நம்மவர்கள் மும்பையில் கோயிலும் காப்பிக் கடையும் வைத்து வேரூன்றிய மாட்டுங்கா, பிளேக் பெற்ற பிள்ளை என்று சொன்னால் மிகையில்லை. பெங்களூரில் மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்ததற்குப் பின்னாலும் 1898இல் அந்த ஊரைத் தாக்கிய பிளேக் இருக்கிறது. தினம் நடந்து போகிற தெருவின் பிறப்பு நமக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

இனி முதல் கதை. ஒடியா மொழியின் முதல் நவீனச் சிறுகதை என்று போற்றப்படும் 'ரேவதி' வெளியானது 1898இல். சீமோன் கராச்சியில் தெள்ளுப்பூச்சியை ஆராய்ந்த அதே ஆண்டு. ஆனால் இதில் வரும் நோய் பிளேக் அல்ல, காலரா. ரேவதி என்ற சிறுமி படிக்க ஆசைப்படுகிறாள். தகப்பனார் சம்மதிக்கிறார். வாசு என்ற இளம் வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். பாட்டிக்கு மட்டும் பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஒரே ஆத்திரம். காலரா வருகிறது. தகப்பனார் போகிறார், தாயார் போகிறார், பிறகு வாசுவும் போகிறார். பாட்டி எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கண்டுபிடிக்கிறாள்: இந்தப் பெண் படித்தாள், அதனால்தான் குடும்பம் அழிந்தது. கடைசியில் ரேவதியும் பாட்டியுமே மிஞ்சவில்லை.

சில பக்கங்களில் ஒரு குடும்பத்தையே காலி செய்துவிடுகிறாரே, இது கொஞ்சம் அதிகமில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்டச் செய்கிறது. காலையில் நன்றாக இருந்த ஆள் மாலைக்குள் வற்றிப்போய்விடலாம். கதையின் வேகம் நோயின் வேகம்தான். ஆசிரியரின் அவசரம் அல்ல.

இக்கதையின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, குளத்துத் தண்ணீர் வரை சோதித்து, காலராக் கிருமியை உறுதி செய்தது 1884இல். கல்கத்தாவிலிருந்து ஒரிசா அப்படியொன்றும் தூரமில்லை. பதினான்கு வருஷம் கழித்தும் அந்தச் செய்தி பாட்டியிடம் போய்ச் சேரவில்லை. சேராத இடத்தில் அவளுக்குக் கையில் கிடைத்த காரணம், பேத்தியின் புத்தகம். சேனாபதி பாட்டியைக் கேலி செய்யவில்லை. அவள் அழுகையும் வசவும் பிரிக்க முடியாதபடி கலந்து வருகின்றன. ஆனால் ஒன்றை நமக்கு விளங்க வைக்கிறார். தவறான காரணம் ஒருபோதும் ஆளில்லாத இடத்தில் போய் விழாது. வீட்டில் யார் எதிர்த்துப் பேச முடியாதோ அவர் தலையில்தான் விழும்.

இரண்டாவது, 1965இல் வெளிவந்த 'சம்ஸ்காரா'. கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1970இல் திரைப்படமாகவும் வந்தது. ஆசாரத்தை எல்லாம் காற்றில் பறக்கவிட்ட நாரணப்பா சிவமொக்காவிலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்து இறந்துபோகிறான். அவனுக்கு யார் ஈமக்கடன் செய்வது? செய்தால் தீட்டு, செய்யாவிட்டாலும் தீட்டு. அக்கிரகாரம் முழுக்கப் பசியோடு உட்கார்ந்து சாஸ்திரம் பேசுகிறது. பிராணேசாச்சாரியார் ஏட்டைப் புரட்டுகிறார். அதற்குள் எலிகள் செத்து விழ, பருந்துகளும் கழுகுகளும் கூரைமேல் வந்து உட்காருகின்றன. செத்த எலி என்றால் என்ன என்று படிக்கிற நமக்குத் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு அது நாரணப்பாவின் பாவம். ஏட்டில் விடை தேடுகிற ஊருக்கு வாசலில் கிடக்கிற விடை தெரியவில்லை. இதைவிடக் கூர்மையாக ஒரு கொள்ளை நோயின் முதல் சில நாட்களை எழுதிவிட முடியுமா என்று தெரியவில்லை.

கடைசியில் பிணம் எப்படி எரிகிறது? நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரி ராத்திரியோடு ராத்திரியாகப் போய் ஒரு முஸ்லிம் மீன் வியாபாரியை உதவிக்கு அழைத்துவந்து எரித்துவிடுகிறாள். சாஸ்திரம் தெரிந்த இத்தனை பேர் செய்யாததை, சாஸ்திரத்துக்கு வெளியே நிற்கிற இரண்டு பேர் செய்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள். அக்கிரகாரத்துக்கு விஷயம் தெரியவே தெரியாது.

ஆனால் இந்த நாவலிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பக்கத்துச் சேரியிலும் காய்ச்சலில் சாகிறார்கள். குடிசையோடு சேர்த்து எரிக்கிறார்கள். அந்தச் செய்தி அக்கிரகாரத்தின் காதில் ஏறுவதில்லை. அதை ஏறாததாகக் காட்டுவது அனந்தமூர்த்தியின் திறமை, சரி. ஆனால் நாவலும் அங்கே நிற்கவில்லையே! பிற்பகுதி முழுக்க ஆச்சாரியாரின் மனப் போராட்டத்தோடு திருவிழாவுக்குப் போய்விடுகிறது. பிளேக் என்பது ஒரு பண்டிதரின் விழிப்புக்குத் தூண்டுகோலாகச் சுருங்கிவிடுகிறது. நோய் உருவகமாகிவிட்டால், செத்தவர்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள். பெரிய படைப்புக்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது கதை இந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்புகிறது. பேடியின் 'குவாரண்டீன்' கதையைச் சொல்பவர் பக்ஷி என்ற டாக்டர். ஊரில் பிளேக். நோயைவிடக் குவாரண்டீனில் செத்தவர்களே அதிகம் என்பது அவர் தரும் சாட்சியம். அடைத்து வைத்தார்களே என்ற பீதியிலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். டாக்டருக்குத் தொற்றிவிடுமோ என்று ஓயாத நடுக்கம். அங்கே பாகு என்ற துப்புரவுத் தொழிலாளி விடிவதற்கு முன்பே எழுந்து தெருவில் சுண்ணாம்பு தூவுகிறான். நோயாளிகளைத் தொட்டுத் தூக்குகிறான். பிணக்குவியலுக்குத் தீ வைத்தபோது அதில் ஒருவனுக்கு உயிர் இருப்பதைக் கண்டு, கை வெந்துபோக அவனை இழுத்து எடுக்கிறான். அவன் மனைவியையும் பிளேக் கொண்டுபோகிறது. நோய் ஓய்ந்ததும் ஊர் கூடி விழா எடுத்துப் பணமுடிப்பு தருகிறது. யாருக்கு? டாக்டருக்கு. பாராட்டு முடிந்து வீடு திரும்பியவரிடம் வந்து முதலில் வாழ்த்துச் சொல்கிறவன் பாகு.

சும்மா சொல்லக் கூடாது, இந்த முடிவைப் படித்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போக முடியாது. மூன்றில் சிறந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இங்கே நோய் உருவகம் இல்லை, வேலை. சுண்ணாம்பு, துடைப்பம், சுமப்பது, எரிப்பது. இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. பாகுவுக்கு ஏன் கோபமே வரவில்லை? அவன் கூலி என்ன? விழா மேடைக்கு அவனை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று அவனே ஏன் கேட்கவில்லை? பேடி அவனை மகானாக்கிவிட்டார். மகானுக்குச் சம்பள பாக்கி கிடையாது. நமக்குக் கண் கலங்குது. அதோட கணக்கு தீர்ந்துபோச்சு.

பழைய கதையைக் கிளறுவானேன் என்று நினைப்பவர்கள் 2020ஐ எண்ணிப் பார்க்கட்டும். மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் பால்கனியில் நின்று கை தட்டினோம், தட்டு தட்டினோம். அடுத்த வாரங்களில் செவிலியரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகள் வந்தன. ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்து ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் இரவில் தாமே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. நாரணப்பாவின் பிணம் கிடந்த அக்கிரகாரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்த மாதமே மத்திய அரசு 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டனை என்று சேர்த்தது. ஒரு காலத்தில் அதிகாரிகளிடமிருந்து ஜனங்கள் பாதுகாப்புத் தேடிய சட்டம். இப்போது ஜனங்களிடமிருந்து நர்ஸையும் ஆம்புலன்ஸ் டிரைவரையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் கட்டடத்தில் அப்போது வேலைக்கார அம்மாக்களை உள்ளே விடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். குப்பை எடுக்கிறவர் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் என்ன என்று தீர்மானப் புத்தகத்தில் இல்லை.

இதற்கு மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1971இல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பொங்காவ் முகாமில் காலரா. சிரை வழியே ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். கொடுப்பதற்கு ஆள் போதவில்லை. அதனால் நோயாளியின் தாய், அக்கா, அண்ணன் ஆகியோரையே கரைசலைக் கொடுக்கச் சொன்னார். சுமார் முப்பது சதவீதமாக இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சேனாபதியின் கதையில் வரும் பாட்டியின் நிலையில் இருந்தவர்கள்தாம் அவர்களும். அவள் கையில் காரணம் தேடும் வாய் மட்டுமே இருந்தது. இவர்கள் கையில் ஒரு குவளை கொடுக்கப்பட்டது. உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மையும் ஊசி மருந்தால் மட்டும் ஒழியவில்லை. வீடு வீடாகப் போய்த் தேடிய ஆட்களாலும்தான் ஒழிந்தது. 2011க்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ இல்லாமல் போனதற்கும், சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிய பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எனவே கொள்ளை நோயைப் பற்றிய எந்தப் படைப்பையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடலாம் என்பது என் கருத்து. பழி யார் தலையில் விழுகிறது என்று அது காட்டுகிறதா? நோயாளியைத் தொட்டவர் யார் என்று அது பெயர் சொல்கிறதா? 'ரேவதி' முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிறது. 'சம்ஸ்காரா' இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறது, ஆனால் பாதி வழியில் கையை விட்டுவிடுகிறது. 'குவாரண்டீன்' பெயர் சொல்கிறது, கூலி சொல்லவில்லை. கொரோனாக் காலத்தைப் பற்றி இனி எழுதப்போகிற நம் பிள்ளைகள், வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் சலிப்பை மட்டும் எழுதாமல், அன்றைக்கும் வெளியே போக வேண்டியிருந்தவருடைய சம்பளத்தையும் சேர்த்து எழுதட்டும். மூன்று மொழிகளும் விட்டுவைத்திருக்கிற இடம் அது.