திரும்பி வந்தவனுக்குக் கல் இல்லை

ப. சிங்காரம் என்றால் நமக்கு 'புயலிலே ஒரு தோணி'தான். 1972இல் அச்சாகி, அச்சானதே தெரியாமல் கிடந்த அந்த நாவலை எடுத்து நிறுத்தியதில் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பங்குண்டு. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அதன் நிழலில், 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' பெரிய நாவலுக்கு முன்னால் நடந்த ஒரு ஒத்திகையாகச் சுருங்கிவிட்டது. நானும் அப்படி எழுதியவன். அதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மனம் மாறியதற்குக் காரணம் மறுவாசிப்பு மட்டுமல்ல, என் உத்தியோகமும்தான்.

நான் வங்கிக் குமாஸ்தா. வருஷா வருஷம் நவம்பர் பிறந்தால் பூதலூரில் எங்கள் கவுண்டருக்கு முன்னால் ஓய்வூதியக்காரர்கள் வந்து நிற்பார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதை அவர்கள் நிரூபித்தாக வேண்டும். 2014க்குப் பிறகு இதற்கு விரல்ரேகை இயந்திரம் வந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து வந்து இருபது முப்பது வருஷம் வயலில் மண்வெட்டி பிடித்தவர்களின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. இயந்திரம் ஆளை ஏற்க மறுக்கிறது. பிறகு ஈரத்துணியால் துடைத்து, வேறு விரலை வைத்து, அதுவும் ஆகாமல் கடைசியில் பழைய காகிதப் படிவத்துக்கே வருகிறோம். 'மேற்படியார் இன்று என் முன்னிலையில் ஆஜரானார்.' திரும்பி வந்த போர்வீரனைப் பற்றித் தமிழ்நாட்டில் வருஷம் தவறாமல் எழுதப்படும் வாசகம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

இறந்த வீரனைப் பற்றி நமக்குக் குறையே இல்லை. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு துறை வகுத்தது தொல்காப்பியம். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கற்களில் ஒன்று ஆகோள் பூசலைச் சொல்கிறது. தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பைப் புரட்டினால் பல்லவர் காலத்தில் மாடு மீட்டுச் செத்தவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எடுத்தனூர்க் கல்லில் ஆளோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்த அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர்கூடப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். அதே பூசலில் மாட்டை ஓட்டிக்கொண்டு உயிரோடு ஊர் திரும்பியவன் யாரென்று தெரியாது.

முல்லைத் திணை இருக்கிறதே என்பார்கள். சங்கக் கவிஞர்கள் போரிலிருந்து திரும்புகிறவனுக்கென்றே ஒரு திணையை வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். கார்காலம், காத்திருக்கும் மனைவி, தேர்ப்பாகனை விரட்டும் தலைவன், வழியில் மழை பெய்த காடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அத்திணையின் முழு அழகும் வந்துசேர்வதற்கு முந்தின கணத்தில் அடங்கியிருக்கிறது. தேர் வாசலில் நின்றதும் பாட்டு முடிந்துவிடுகிறது. இறங்கி உள்ளே போனவன் மறுநாள் காலை என்ன செய்தான்? இரவில் தூங்கினானா? அவன் கைபட்டபோது அவள் விலகினாளா? முல்லை இதையெல்லாம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அந்தக் கேள்வி நமக்குரியது, நாவலுக்குரியது.

தஞ்சாவூரில் பெரிய கோயில் சுவரைப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். 1010இல் முடிந்த அக்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது உட்பட வெட்டப்பட்டுள்ளன. சோழனின் சேனைகளும் அதே சுவர்களில் உண்டு. ஆனால் படைப்பிரிவுகளின் பெயர்களாக, அவற்றிலும் பல அரசனுடைய பட்டப்பெயர்களை முன்னால் போட்டுக்கொண்டு. சேனாபதி பெயரோடு வருகிறான். சிப்பாய் படையின் பெயருக்குள் கரைந்து போகிறான். காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி என்று நூற்றுக்குப் பன்னிரண்டரை கணக்குக் காட்டும் சுவர் அது. கணக்கெழுதத் தெரியாதவர்கள் விட்ட குறையல்ல இது.

முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்காரன் இந்தியக் கிராமங்களில் பதித்துவிட்டுப்போன சலவைக்கல் இந்த விஷயத்தில் சற்று நேர்மையானது. பெயர் அதிலும் இல்லை. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும். கழித்துப் பார்த்தால் மூன்றாவது எண் கிடைக்கும். திரும்பி வந்தவர்களின் எண் அது. நம் நாட்டில் அவர்களை மறைமுகமாகவேனும் எண்ணிக்கையில் சேர்த்த நினைவுக்கல் என்று எனக்குத் தெரிவது இதுதான். 2019இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அத்தனையும் இறந்தவர்களுடையவை. அது அப்படித்தான் இருக்கமுடியும்.

நம் கதைகளில் திரும்பி வந்தவன் எப்படி வருகிறான்? 'மிலிட்டரிக்கார'ராக வருகிறார். முறுக்கு மீசை, கேண்டீன் ரம், பாதி இந்தி, திண்ணையில் உட்கார்ந்து அளக்கும் யுத்தப் புளுகு. ஜனரஞ்சகப் பத்திரிகையும் சினிமாவும் இவரை வைத்து ஏராளமாகச் சிரித்திருக்கின்றன. நம் தரப்பிலும் இவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஹெமிங்வேயின் 'சோல்ஜர்ஸ் ஹோம்' என்ற சிறுகதை 1925இல் வந்தது. அதில் கிரெப்ஸ் என்பவன் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து ஓக்லஹோமாவில் உள்ள தன் ஊருக்குத் தாமதமாகத் திரும்புகிறான். மேளதாளமெல்லாம் முடிந்துவிட்டது. முதலில் அவனுக்குப் பேச விருப்பமில்லை. பேச விரும்பியபோது கேட்க ஆளில்லை. ஊரார் கொடூரக் கதைகள் நிறையக் கேட்டுச் சலித்திருந்தார்கள். ஆகவே, காதுகொடுக்க வைப்பதற்காக அவன் பொய் சொல்கிறான். இரண்டு முறை சொன்னதும் தனக்கு உண்மையாக நடந்ததும் தன்னிடமிருந்து நழுவிப்போய்விட்டதை உணர்கிறான். நம் மிலிட்டரிக்காரரின் புளுகைப் பார்த்து எழுத்தாளன் சிரிக்கிறான்; அந்தப் புளுகு எங்கிருந்து பிறக்கிறது என்று ஹெமிங்வே பார்க்கிறான். அது சொல்கிறவனுடைய குணதோஷமல்ல. கேட்கிற நாம் அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அது. அமெரிக்காவில் 2000இல் சட்டம் போட்டு, காங்கிரஸ் நூலகத்தின் மூலம் முன்னாள் படைவீரர்களின் வாய்மொழி அனுபவங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒலிநாடாவைச் சேர்த்து வைப்பது வேறு, கேட்பது வேறு. கிரெப்ஸ் அங்கே முதலில் கதையில்தான் கேட்கப்பட்டான்.

எங்கள் கிளைக் காவலாளி முன்னாள் ராணுவத்தினர். வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். காஷ்மீர் பனி பற்றி, கோவேறு கழுதைகள் பற்றி அவர் சொல்லும் கதைகளுக்கு நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் சிரித்திருக்கிறோம். அவர் இலங்கையிலும் இருந்தவர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "யாழ்ப்பாணத்துல ஒரு வீட்டுக் கதவத் தட்டுனேன் சார். உள்ளேருந்து ஒரு பொம்பளக் குரல், 'ஆரது?'ன்னுச்சு. தமிழ்ல கேட்டுச்சு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல." அன்று யாரும் சிரிக்கவில்லை. என்ன பதில் சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

1987 முதல் 1990 வரை அங்கிருந்த அமைதிப்படையில் 1,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்குள்ள தமிழர்கள் பட்டது நினைவில் இருக்கிறவன் அதற்கான காரணத்தை அறிவான். நானும் அறிவேன், அதில் எனக்கு வழக்கில்லை. அந்தக் கப்பலில் தமிழ் பேசும் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நாம் இன்னும் ஒரு கதையாகக்கூட யோசித்துப் பார்க்கவில்லை என்பதே என் வழக்கு. அந்தப் பக்கத்தில் நிலைமை வேறு. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) எல்லாம் போராளியாக இருந்தவர்களே எழுதியவை. அவற்றோடு சண்டை போடலாம், போடவும் செய்தோம். ஆனால் அங்கே திரும்பி வந்தவன் பேசுகிறான். இங்கே ஆயுதம் பிடித்தவனும் பேனா பிடித்தவனும் ஒரே தெருவில் குடியிருப்பதில்லை. அந்தத் தெருவுக்கு ஜாதி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, சுமத்ராவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்து, யுத்தத்தை அங்கே கண்டு, 1946இல் ஊர் திரும்பியவர். பிறகு மதுரை தினத்தந்தியில் வேலை, வெகுகாலம் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறை. 1997இல் காலமானார். மொத்தம் இரண்டு நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் ஐ.என்.ஏ.வில் இருந்து, பின் இந்தோனேசிய விடுதலைப் போரில் கலந்து, முடிவில் செத்துப்போகிறான். அவன் நம் மரபுக்கு வசதியானவன், நடுகல்லுக்குரியவன். நாம் அவனைக் கொண்டாடுவதில் இந்த வசதிக்கும் இடமுண்டு என்று சந்தேகிக்கிறேன். பாஷை, பரப்பு, எள்ளல் எதிலும் அந்த நாவலுக்கு ஈடில்லை. அதை நான் மறுக்கவில்லை.

'கடலுக்கு அப்பால்' செல்லையாவோ சாகவில்லை. ஐ.என்.ஏ. கலைந்தபின் பினாங்குக்கு, வட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் பிரியம். முதலாளி பெண் தர மறுக்கிறார். அவர் கெட்டவரல்ல. இவன் யோக்கியன், கெட்டிக்காரன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. கடன் கொடுத்து வாங்கும் தொழிலுக்குக் குழைவு வேண்டும், காத்திருக்கத் தெரியவேண்டும், வாசலில் அவமானப்பட்டு நின்று மறுநாளும் போகத் தெரியவேண்டும். உத்தரவிட்டுப் பழகியவனுக்கு இது வராது. இதை வெறும் காதல் தோல்விக் கதையாக வாசித்துவிட்டோம். கடன்காரன் முகத்தைத் தினம் பார்க்கிற என்னைப்போன்றவனுக்கு அந்த முதலாளியின் வாதம் எவ்வளவு பலமானது என்று தெரியும். ஒரு சமூகம் தன் போர்வீரனை வெறுப்பினால் ஒதுக்குவதில்லை, கணக்குப் பார்த்து ஒதுக்குகிறது. சிங்காரம் முதலாளியைத் தாழ்த்தாமலேயே செல்லையாவின் இழப்பைச் சொல்லிவிடுகிறார். முல்லைப் பாட்டு நின்ற வாசலைத் தாண்டி, நான் வாசித்த அளவில், முதலில் உள்ளே போன தமிழ் நாவல் இதுதான். நடையில் அங்கங்கே பத்திரிகைத்தனம் உண்டு. உரையாடல்கள் சில இடத்தில் நீண்டு போகின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லையாவின் படைக்கும் ஒரு கல் இருந்தது. 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் சுபாஷ் போஸ் அடிக்கல் நாட்டினார். மாண்டவர்களுக்கான அந்தச் சின்னத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல் ஒரு பலகை வைத்தார்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர்களில் பலர் போர் முடிந்ததும் மறுபடி பால்வெட்டத்தான் போனார்கள்.

போன மாதம் காவலாளி அண்ணனுக்கு 'கடலுக்கு அப்பால்' கொடுத்தேன். கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு ஏதோ பரிகாரம் என்ற நினைப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் துப்பாக்கிப் பக்கத்தில், நாற்காலியின் கீழ் கிடந்தது புத்தகம். திருப்பித் தரும்போது எப்படியிருக்கிறது அண்ணே என்று கேட்டேன்.

"மொதலாளி செஞ்சது சரிதான் சார்" என்றார். "நானா இருந்தாலும் பொண்ணு குடுக்கமாட்டேன்."