முகமில்லா வெண்கலம்

வெண்கலம் வரலாற்றிலே பெரும்பாலும் வென்றவர்களின் உலோகமாகவே இருந்து வந்துள்ளது. பரிஸ் நகரின் வாந்தோம் சதுக்கத்திலே 1810 ஆம் ஆண்டு நெப்போலியன் எழுப்பிய தூண் இதற்குத் தக்க சான்று. போரிலே கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம் அத்தூணைப் போர்த்தி நின்றது. 1871 மே மாதத்திலே பரிஸ் கொம்யூன் அதனை வீழ்த்தியது. கொம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டபின், ஆட்சியாளர் அதனை மீண்டும் நிமிர்த்தினர். 1997 ஆம் ஆண்டிலே அதே சதுக்கத்தில், தாய்வானியச் சிற்பி ஜூ மிங்கின் பெரும் வெண்கல உருவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 'தாய்ச்சி' என்னும் சீனத் தற்காப்புக் கலையின் நிலைகளை ஏற்ற அவ்வுருவங்களுக்கு முகமில்லை; விருதுமில்லை; அவை எவருடைய வெற்றியையும் பறைசாற்றவில்லை.

இவற்றை எங்ஙனம் மதிப்பிடுவது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். கலை மக்களுக்கு உரியது என்று கொள்பவர்கள் இவற்றை ஐயத்தோடு நோக்குவது இயல்பு. நாமும் அவ்வாறே நோக்கினோம். செல்வர் முற்றத்துக்குச் செய்த அணிகலன் என்று எம் மாணவர் முன்னிலையிலே ஒரு வாக்கியத்தில் தீர்ப்புக் கூறியதும் உண்டு. அது அவசரத் தீர்ப்பு என்பதை இப்பொழுது உணர்கிறோம். ஆயினும் அதில் உண்மையே இல்லை என்று கூறவும் நாம் ஆயத்தமாக இல்லை.

முதலிலே சிற்பியின் வாழ்வை நோக்குவோம். ஜூ மிங் 1938 ஆம் ஆண்டிலே, ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த தாய்வானில், மியாவ்லிப் பகுதியைச் சேர்ந்த துங்சியாவ் என்னும் ஊரிலே, வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆரம்பப் பள்ளிக்கு மேல் அவருக்குக் கல்வி வாய்க்கவில்லை. பதினைந்தாம் வயதில் மரச்சிற்ப ஆசானொருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கோயிற் சிற்பமே அப்பட்டறையின் தொழில். பல ஆண்டுகள் உளிபிடித்த பின்னரே, 1968 இல், நவீன சிற்பியாகிய யாங் யிங்-பெங்கிடம் மாணவரானார். 1976 இல் தாய்பேயிலுள்ள தேசிய வரலாற்று நூதனசாலையிலே அவருடைய தனிக் கண்காட்சி நிகழ்ந்தது. அதனோடு அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

அன்று மக்கள் உள்ளத்தைத் தொட்டவை தாய்ச்சி உருவங்கள் அல்ல. பாரம் ஏற்றிய வண்டியை எருமை இழுக்க, மனிதர் பின்னின்று தோள்கொடுத்துத் தள்ளும் மரச்சிற்பம் போன்றவையே அவரைப் புகழ்பெறச் செய்தன. தாய்வானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியதை நாம் மறத்தல் ஆகாது. 1977, 1978 ஆம் ஆண்டுகளிலே அங்கு 'மண்வாசனை இலக்கியம்' பற்றிய பெரும் விவாதம் மூண்டது. உழவனையும் தொழிலாளியையும் எழுதிய எழுத்தாளர்மீது பொதுவுடைமைப் பிரசாரகர் என்ற பழி சுமத்தப்பட்டது. அத்தகைய காலச் சூழலில் எருமையும் வண்டியும் வெறும் கிராமியக் காட்சிகளாக நின்றுவிடவில்லை. தம் மண்ணின் முகத்தைத் தேடிய ஒரு தலைமுறைக்கு அவை கண்ணாடியாயின.

அவ்வாறாயின், எருமையை விட்டுத் தாய்ச்சிக்குச் சென்ற சிற்பி மக்களை விட்டு மெய்யியலுக்குள் ஒளிந்துகொண்டாரா? இவ்வினாவை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

தாய்ச்சியின் வரலாறு முதற்கண் ஒரு விடையைத் தருகிறது. அதன் உறுதியான வரலாறு பதினேழாம் நூற்றாண்டிலே ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது பீக்கிங் நகரை அடைந்தது. 1956 இல் மக்கள் சீனத்தின் விளையாட்டுத் துறையினர் அதனை இருபத்துநான்கு நிலைகளாகச் சுருக்கி, யாவரும் பயிலத்தக்க உடற்பயிற்சியாக்கினர். ஆகவே விடியற்காலைப் பூங்காவிலே முதியோரும் தொழிலாளரும் பயிலும் கலையைத்தான் சிற்பி எடுத்துக்கொண்டார். உடலையும் உள்ளத்தையும் உறுதிப்படுத்தும் பொருட்டு அதனைப் பயிலுமாறு அவரைத் தூண்டியவர் ஆசான் யாங். பயின்ற உடல் அறிந்ததையே கை செதுக்கியது.

இனி உருவத்தை நோக்குவோம். 'ஒற்றைச் சாட்டை' எனப்படும் நிலையின் தாழ்ந்த வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கால் மடங்கி உடலின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. மற்றக் கால் நிலத்தோடு ஒட்டி நீள்கிறது. கை முன்னே செல்கிறது. விரலில்லை, கண்ணில்லை, ஆடையின் மடிப்புமில்லை. கோடரியாற் பிளந்த மரத்தின் வெடிப்பும் வரியும் வெண்கலத்தின் மேனியெங்கும் கிடக்கின்றன. இதன் படத்தை எம் உயர்வகுப்பு மாணவருக்குக் காட்டியபோது ஒருவன், "இவன் அடிக்கப் போகிறான்" என்றான். மற்றொருவன், "இல்லை, இருக்கப் போகிறான்" என்றான். மலைச்சரிவு என்றாள் ஒரு மாணவி. மூவரும் சரியாகவே கண்டனர். பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தையே சிற்பி பிடித்திருக்கிறார்.

செய்முறையும் கவனிக்கத்தக்கது. மரத்தில் தொடங்கிய இவ்வரிசை, பேரளவை அடைந்தபோது ரெஜிபோம் பாளங்களுக்கு மாறியது. சூடேற்றிய கம்பியினால் அவற்றை வேகமாக அறுத்தும் பிய்த்தும் உருவாக்கி, பின்னர் வெண்கலத்தில் வார்ப்பித்தார். சிந்தனை குறுக்கிடுமுன் கை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட நெறி. இந்நெறியைப் போற்றுவோர் சிலர் இதனை ஏதோ கீழைத்தேய மர்மமாக விளக்குவர். எமக்கு இது உடன்பாடன்று. சிந்தியாமலே சரியாக வெட்டும் கை வானிலிருந்து இறங்கியதன்று. சிறுவயது முதல் கோயில் மரத்திலே பழகிய கை அது. மர்மம் என்று கூறப்படுவதன் அடியிலே கிடப்பது உழைப்பு. அவ்வுழைப்பின் தழும்பை மெருகிட்டு மறைக்காது, அறுத்த வாயோடு வெண்கலத்திலே நிலைநிறுத்தியமையே இச்சிற்பங்களின் முதற் சிறப்பு எனலாம்.

மெய்யியலைப் பற்றியும் ஒரு சொல். யின், யாங் என்னும் எதிர்மறைகள் ஒன்றையொன்று தாங்கியும் ஒன்றாக மற்றொன்று மாறியும் இயங்குகின்றன என்பது தாய்ச்சியின் அடிப்படை. முரண்களின் ஒருமையை அறிந்த எம் வாசகருக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஆனால் இதே கருத்தை, "உலகு தன் சமநிலையில் இருக்கிறது, நீ அடங்கியிரு" என்ற உபதேசமாகவும் மாற்றலாம். நல்லிணக்கம் என்ற சொல்லை அதிகாரத்தில் உள்ளோர் விரும்புவதன் காரணம் இதுவே. ஜூ மிங்கின் உருவங்கள் அவ்வுபதேசத்துக்கு இடங்கொடுக்கவில்லை என்பது எம் துணிபு. அவற்றின் சமநிலை ஓய்வின் சமநிலையன்று. தசை இறுகிய சமநிலை. 'கை தள்ளல்' பயிற்சியில் ஈடுபட்ட இருவரை அவர் பன்முறை செதுக்கினார். பின்னர் அவ்விருவரும் இணைந்து வளைவாகி, இடையிலே மனிதர் நடந்து செல்லத்தக்க வாயிலாயினர். ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்திலே 1987 முதல் நிற்பது அத்தகைய வாயில். இரு விசைகளின் மோதலே அதனைத் தாங்குகிறது. ஒன்று விலகினால் மற்றது விழும்.

இத்துணையும் கூறியபின், எம் பழைய ஐயத்துக்குத் திரும்புவோம். 'ஒற்றைச் சாட்டை' உருவங்களுள் மிகவும் அறியப்பட்டது ஹொங்கொங்கின் பங்குச் சந்தைக் கட்டடத் தொகுதியின் முன்றலில் நிற்கிறது. 1986 இல் நான்கு பங்குச் சந்தைகள் ஒன்றாகிக் குடிபுகுந்த இடம் அது. அதே முன்றலிலே பிரித்தானியச் சிற்பி எலிசபெத் ஃபிரிங்கின் வெண்கல எருமைகளும் உள்ளன. தாய்வானிலே வண்டியிழுத்த எருமையைச் செதுக்கிய சிற்பி, இங்கே வண்டியில்லாத எருமைகளுக்கு அயலவரானார்! உழைப்பு நீங்கிய எருமை அணிகலனாவது எளிது. தாய்ச்சி உருவங்கள் இலக்கமிட்ட படிகளாக வார்க்கப்பட்டு ஏலக் கூடங்களிலே பெருவிலைக்குக் கைமாறுவதும் உண்மை. வார்ப்புச் சாலையிலே உலோகத்தை உருக்கி ஊற்றிய கைகளின் பெயர் அவ்விலைப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. இக்குறையைச் சிற்பத்தின் அழகைக் கொண்டு மறைக்க நாம் உடன்படோம்.

ஆயினும், வாங்கியவனே ஒரு படைப்பின் பொருளை முடிவு செய்கிறான் என்று கொள்வோமாயின், நாமும் சந்தையின் தீர்ப்பையே ஏற்றவர்களாவோம். பங்குத் தரகர் கூவி வணிகம் செய்த மண்டபம் 2017 இல் மூடப்பட்டது. எண்கள் இன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன. பாரத்தைத் தன் தொடையிலே தாங்கும் அவ்வுருவம் முன்றலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலே அந்நகரின் மத்திய பகுதித் தெருக்களிலும் நடைபாதைகளிலும் வீட்டுப் பணிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தமர்கின்றனர். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள் பிறர் வீட்டுப் பாரத்தைச் சுமந்தவர்களுக்கு, பாரம் கால்மாறும் கணத்தை விளக்க விமர்சகன் எவனும் வேண்டியதில்லை.

1980 களிலிருந்து ஜூ மிங் குடை பிடித்தவர், வரிசையில் நிற்பவர் முதலான சாதாரண மனிதரையும் செதுக்கினார். தாய்வானின் சின்ஷான் பகுதியிலே தாம் அமைத்த நூதனசாலையை 1999 இல் திறந்துவைத்தார். 2023 இல் மறைந்தார். எம் மாணவரிடம் நாம் முன்பு கூறிய வாக்கியத்தை இவ்வாண்டு திருத்திக் கூறியுள்ளோம்: அது செல்வர் முற்றத்தில் நிற்பது உண்மை, முற்றம் அவர்களுடையது, அந்த நிற்கும் முறை உழைப்பவனிடம் கற்றது.