புள்ளி விழும் சத்தம்

சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரெய்ல் எழுதும் வகுப்புதான். தடித்த தாளை ஸ்லேட்டில் மாட்டி, ஊசிமுனைக் குச்சியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். 'அ'வுக்கு ஒரே புள்ளி, சுலபம். 'க'வுக்கு மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, நடுக்குழி காலி. அழுத்தம் கூடினால் தாள் பொத்துவிடும், குறைந்தால் விரலுக்குப் புள்ளி சிக்காது. புதியவர்கள் கையில் குத்தும் சத்தம் தாறுமாறான தட்டல். பழகியவர்கள் கையிலோ ஓட்டுக்கூரையில் விழும் தூறலைப் போலச் சீரான சத்தம், கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

எழுதியதைக் கண்ணை மூடித் தடவிப் பார்க்கிற மாணவி ஒரு எழுத்தில் நின்று உதட்டைக் கடிக்கிறாள். தப்பாக விழுந்த புள்ளியை நகத்தால் அமுக்கித் தேய்க்கிறாள். என்ன தேய்த்தாலும், பழகிய குழந்தையின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்!